இரண்டு ஸ்ரீ

 

கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். நேரமில்லாதவர்கள் கடைசிப் பகுதிக்குப் போங்கள். அங்கே ஊராரிடம் ஒரு உதவி கேட்டிருக்கிறேன்.

போன தவணையில் ஒருநாள் காலை, முதல் பாடம் தொடங்கும் முன் ஒரு தாய் பள்ளிக்கூட வாசலில் நின்றார். மகள் என் வகுப்புப் பிள்ளை. பிள்ளையின் பெயர் "ஸ்ரீ" என்ற எழுத்தில் தொடங்கும். தகப்பன் கடலுக்குப் போகிறவர். பிள்ளைக்கு ஒரு கல்வி உதவித்தொகைக்கு நானே விண்ணப்பம் நிரப்பி அனுப்பியிருந்தேன்.

"சேர், நேற்று பஸ் எடுத்துப் போய்க் கேட்டனான். கொம்பியூட்டரில பேர் அடிச்சுப் பார்த்தவை. பிள்ளையின்ர பேர் இல்லையெண்டு சொல்லிப்போட்டினம்."

எந்த அலுவலகம் என்று இங்கே சொல்லவில்லை. அங்கே இருந்த தம்பியிலும் பிழை இல்லை. அவர் பெயரை அடித்தார், கணினி இல்லை என்றது, அதைச் சொன்னார். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. "பட்டியலில் பெயர் இல்லை" என்ற சொல் என்னை ஒரு மாதிரிச் செய்யும். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஊரைவிட்டுப் போனபோது நான் சின்னப்பிள்ளை. புத்தளத்தில் முகாமில் வாப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒட்டியிருந்த தாள்களில் எங்கள் பெயரை விரலால் தேடியது நினைவிருக்கிறது. ஒருநாள் இல்லை என்றார்கள். அடுத்த நாள் வேறொரு எழுத்துக்கூட்டலில் இருந்தது. அந்த ஒருநாள் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகவே அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். கணினிக் கோப்பாகவே அனுப்பினார்கள். நானும் பெயரை அடித்துத் தேடினேன். இல்லை. பிறகு வாப்பா செய்ததைச் செய்தேன்: திரையில் விரல் வைத்து, ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டு போனேன். மூன்றாம் பக்கத்தில் பிள்ளையின் பெயர் இருந்தது. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. கண்ணுக்குத் தெரிகிற பெயர் கணினிக்குத் தெரியவில்லை.

தங்கச்சியின் மகன் கணினி படிக்கிறவன். அவனுக்குக் கோப்பை அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் எடுத்தான்.

"மாமா, அந்த ரெண்டு ஸ்ரீயும் ஒண்டில்லை."

அவன் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் உங்களுக்குச் சொல்கிறேன்.

கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுவதும் ஒரே எண் வைத்திருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டின் பெயர் யூனிகோட். நாம் போனில் எழுதுவது கனடாவிலும் சிங்கப்பூரிலும் அப்படியே தெரிவது இதனால்தான். "க" என்றால் 2965. "ம" என்றால் 2990. "ஸ" என்றால் சரியாக 3000. "ஸ்ரீ" என்ற எழுத்துக்குத் தனி எண் கிடையாது. ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று நான்கு எண்கள் வரிசையாக வந்தால், எழுத்துரு அவற்றைச் சேர்த்து ஸ்ரீ என்று வரைந்து காட்டும்.

சிக்கல் இங்கேதான். 2005 மார்ச்சில் வந்த யூனிகோட் 4.1 பதிப்பில் "ஶ" என்ற எழுத்துக்கு 2998 என்ற எண் கொடுத்தார்கள். பழைய வடமொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் எழுத்து அது. நம்மில் பலர் வாழ்க்கையில் ஒருமுறைகூட எழுதியிருக்க மாட்டோம். ஆனால் மொழி வரலாற்றின்படி ஸ்ரீ என்பது அந்த ஶ-வோடு சேர்ந்தது. எனவே அன்றிலிருந்து ஸ்ரீ எழுதச் சரியான வழி 2998இல் தொடங்குவது என்று ஆயிற்று. அதற்கு முன்னர் உலகம் முழுக்க 3000இல் தொடங்கி எழுதி வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னரும் பல விசைப்பலகைகள் 3000ஐ விடவில்லை. பாமினியில் அடித்ததை மாற்றித்தருகிற கருவிகளிலும் இதுவும் வரும், அதுவும் வரும்.

இதோ இரண்டையும் எழுதுகிறேன்: ஸ்ரீ, ஶ்ரீ. உங்கள் போனில் இரண்டும் ஒரே மாதிரித் தெரிந்தால், என் மாணவியின் தாய் ஏன் வெறுங்கையோடு திரும்பினார் என்பது விளங்கும். நான் விண்ணப்பத்தை அனுப்பிய எழுத்தின் எண் ஒன்று. அலுவலகத்தில் அடித்துத் தேடிய எழுத்தின் எண் வேறு.

இந்தச் சிக்கல் எங்கள் பிள்ளைக்கு மட்டுமா? நாட்டின் பெயரை "ஸ்ரீலங்கா" என்று எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் இது ஒளிந்திருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. யார் இதைத் தீர்மானித்தது? யாரைக் கேட்டார்கள்? பிழை என்று தெரிந்தபின் ஏன் திருத்தவில்லை? மருமகனிடம் இந்த மூன்று கேள்வியையும் கேட்டேன். "மாமா, நீங்களே வாசியுங்க, எல்லாம் திறந்துதான் கிடக்கு" என்றான். சோளகக் காற்றில் மின்சாரம் வந்து வந்து போன பல இரவுகள் இருந்து வாசித்தேன். வாசித்தபின் கோபம் கொஞ்சம் குறைந்தது. வேறொரு கவலை வந்தது.

முதலில் "யார்" என்ற கேள்வி. யூனிகோட் கூட்டமைப்பு 1991இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பதிவான, இலாப நோக்கமில்லாத ஒரு அமைப்பு. அப்பிள், கூகுள், மைக்ரோசொப்ட் போன்ற நிறுவனங்கள் அதில் கட்டணம் கட்டி உறுப்பினராக இருக்கின்றன. அரசுகளும் சேரலாம். எந்த எழுத்துக்கு எண் கொடுப்பது என்று முடிவு செய்ய ஒரு தொழில்நுட்பக் குழு ஆண்டுக்கு நான்கு தடவை அளவில் கூடுகிறது. இதற்குச் சமாந்தரமாக சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.விலும் அதே எழுத்துப் பட்டியல் போகும். அங்கே நாடுகளுக்கு வாக்கு. இலங்கைக்கு அங்கே வாய் என்றால், அது நாம் சீமெந்துப் பையிலும் மின்குமிழிலும் பார்க்கிற எஸ்.எல்.எஸ். முத்திரையைக் கொடுக்கும் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம்தான். தமிழ் எழுத்துக்கான தரம் எஸ்.எல்.எஸ். 1326. சிங்களத்துக்கு 1134.

இரண்டாவது, "யாரைக் கேட்டார்கள்". இங்கேதான் எனக்கு ஆச்சரியம். உலகத்தில் யாரும் கருத்துச் சொல்லலாம். உறுப்பினராக இருக்கத் தேவையில்லை, பட்டம் தேவையில்லை. ஒரு எழுத்தைச் சேர்க்க வேண்டும் என்றால் ஒரு முன்மொழிவு எழுதி, பழைய நூலிலோ கல்வெட்டிலோ அந்த எழுத்து வருகிற இடத்தைப் படமாகக் காட்டி அனுப்ப வேண்டும். அது ஒரு எண்ணோடு ஆவணப் பதிவேட்டில் ஏறும். அதை எதிர்க்கிறவரின் கடிதமும் அதே பதிவேட்டில் ஏறும். கூட்டக் குறிப்பும் ஏறும். முக்கியமான மாற்றம் என்றால், திகதி குறித்துப் பொதுமக்கள் கருத்தைக் கேட்பார்கள். பதினைந்து வருடத்துக்கு முன் ஒருவர் எழுதிய மறுப்பை நான் இன்று ஊரில் இருந்து வாசிக்க முடிகிறது. நம் நாட்டில் எத்தனை தீர்மானங்களுக்கு இப்படி ஒரு தடம் இருக்கிறது?

இணையத்தைக் கட்டியவர்களிடம் இந்தப் பழக்கம் ஆரம்பத்திலேயே இருந்திருக்கிறது. இணையத்தின் முன்னோடி வலையமைப்புக்கு வேலை செய்த மாணவர்கள் 1969 ஏப்ரலில் முதல் தொழில்நுட்பக் குறிப்பை எழுதியபோது, அதற்குச் "சட்டம்" என்றோ "தரம்" என்றோ பெயர் வைக்கவில்லை. "கருத்துகள் கோரப்படுகின்றன" என்று பெயர் வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் வந்துவிட்ட அந்தக் குறிப்புகளுக்கு இன்றும் அதே பெயர்தான். வகுப்பில் புதிதாக ஒரு ஒழுங்கு கொண்டுவரும்போது "இப்படிச் செய்வோமா?" என்று கேட்கிற ஆசிரியருக்கும், "இப்படித்தான்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் போகிற ஆசிரியருக்கும் உள்ள வேறுபாடு பிள்ளைகளுக்குத் தெரியும்.

இணையப் பக்கங்களுக்கான தரத்தை வகுக்கும் டபிள்யூ3சி என்ற அமைப்பை ரிம் பேர்ணர்ஸ்-லீ 1994இல் தொடங்கினார். அங்கே ஒரு வரைவு தரமாக மாறுவதற்குப் பல படிகள் ஏற வேண்டும். வெளியிலிருந்து வந்த கருத்துகளுக்கு என்ன பதில் சொன்னார்கள் என்பதைக் குழு காட்ட வேண்டும். பதில் திருப்தி இல்லை என்றால் முறைப்படி ஆட்சேபனை பதியலாம். பதிந்தால் அதைத் தாண்டிப் பேசாமல் போக முடியாது, மேலே இருப்பவர்கள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும்.

ஆனால் "கேட்டார்கள்" என்பதும் "ஏற்றார்கள்" என்பதும் ஒன்றல்ல. 2017இல் நடந்ததைப் பாருங்கள். இணையத்தில் படம் ஓட்டும்போது நகல் எடுக்காமல் பூட்டுப் போடும் வசதியை ஒரு தரமாக்கப் போனார்கள். பூட்டில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற ஆய்வாளர்களுக்கும், கண்பார்வை குறைந்தவர்களுக்காகப் படத்தை மாற்றித் தருகிறவர்களுக்கும் வழக்குப் பயம் வரும், அவர்களுக்குப் பாதுகாப்பு எழுதுங்கள் என்று பலர் ஆட்சேபித்தார்கள். ஆட்சேபனைகள் நிராகரிக்கப்பட்டன. உறுப்பினர்கள் மேன்முறையீடு செய்து, அந்த அமைப்பின் வரலாற்றிலேயே முதல் தடவையாக அது வாக்கெடுப்புக்குப் போனது. ஆதரவு 108, எதிர்ப்பு 57, நடுநிலை 20. தரம் வெளியானது. எதிர்ப்பை முன்னின்று நடத்திய அமைப்பு அதே நாளில் விலகிப் போனது. பேச எல்லோருக்கும் வாசல் திறந்திருந்தது. வாக்கு கட்டணம் கட்டிய உறுப்பினருக்குத்தான் இருந்தது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மூன்றாவது கேள்வி, "ஏன் திருத்தவில்லை". யூனிகோட் உலகத்துக்கு ஒரு வாக்குறுதி கொடுத்திருக்கிறது: ஒருமுறை கொடுத்த எண்ணை எடுக்க மாட்டோம், மாற்ற மாட்டோம். முதலில் எனக்கு இது பிடிவாதமாகப் பட்டது. பிறகு யோசித்தேன். எண்ணை மாற்றினால், போன வருடம் எழுதிய காணி உறுதி இந்த வருடம் வேறு எழுத்தாகத் தெரியும். மையவாடிக் கல்லில் வெட்டிய பெயரை யாரும் தூரத்திலிருந்து மாற்ற முடியாது என்பது மாதிரி ஒரு உறுதி இது. நல்லதுதான். ஆனால் இதற்கு விலை உண்டு. தாமதமாக வந்த மறுப்பு எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், நடந்ததை இல்லாமல் ஆக்க முடியாது. ஸ்ரீக்கு அப்படித்தான் ஆனது. இரண்டு வடிவமும் புழக்கத்தில் இருக்கிறது, இரண்டையும் சமமாகக் கருதுங்கள் என்று யூனிகோட் நூலிலேயே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அது ஆலோசனை. மென்பொருள் எழுதுகிறவர் வாசித்தால் உண்டு, வாசிக்காவிட்டால் இல்லை. எங்கள் பிள்ளையின் பட்டியலை ஆக்கியவர்கள் வாசித்திருக்கவில்லை.

இனி, நேரத்தோடு பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கதை. இதுவும் தமிழில் நடந்ததுதான்.

2010இல் இரண்டு முன்மொழிவுகள் யூனிகோடுக்குப் போயின. ஒன்று, ஸ்ரீரமண சர்மா என்ற ஆய்வாளருடையது (அவர் பெயரே நம் சிக்கல் எழுத்தில்தான் தொடங்குகிறது). வடமொழியின் நான்கு வகை "க", நான்கு வகை "ச" போன்ற ஒலிகளைத் தமிழ் எழுத்தின் மேல் சின்ன இலக்கம் போட்டு எழுதுகிற பழக்கம் சில சமய நூல்களில் உண்டு. அதற்காக 26 குறிகள் கேட்டார். மற்றது, இந்திய அரசு அனுப்பியது. கிரந்தம் என்ற பழைய எழுத்து முறைக்குத் தனி இடம் கேட்டது. கேட்டதில் பிழை இல்லை, கிரந்தம் ஒரு தனி எழுத்து முறைதான். ஆனால் அந்தக் கிரந்தப் பட்டியலுக்குள் எ, ஒ, ழ, ற, ன என்ற ஐந்து தமிழ் எழுத்துகளையும் சேர்த்திருந்தார்கள். தமிழும் வடமொழியும் கலந்த பழைய நூல்களை ஒரே எழுத்து முறையில் எழுத வசதி என்பது காரணம்.

இதன் அர்த்தத்தை இப்போது நீங்களே சொல்வீர்கள். "ழ"வுக்கு ஏற்கனவே 2996 என்ற எண் உண்டு. கிரந்தத்திலும் ஒரு ழ வந்தால், கண்ணுக்கு ஒரே ழ, கணினிக்கு இரண்டு ழ. தமிழ் என்ற சொல்லிலேயே அந்த எழுத்து இருக்கிறது. ஒரு ஸ்ரீயால் ஒரு தாய் அலைந்தார். ழ-வும் ற-வும் ன-வும் இரட்டித்தால் எத்தனை பேர் அலைந்திருப்பார்கள்?

பல நாடுகளில் இருந்து தமிழர்கள் எழுதினார்கள். தனி ஆட்கள் எழுதினார்கள், அமைப்புகள் எழுதின. 2010 நவம்பரில் அன்றைய தமிழக முதலமைச்சர் மு. கருணாநிதி மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். முடிவு தள்ளிப்போனது. பிறகு அறிஞர்கள் இருந்து பேசினார்கள். 2014 ஜூனில் வந்த யூனிகோட் 7.0இல் கிரந்தத்துக்கு இடம் கிடைத்தது. அந்த ஐந்து தமிழ் எழுத்தும் அதில் இல்லை. 26 குறிகளும் தமிழ்ப் பட்டியலில் ஏறவில்லை.

அந்தக் கடிதங்களை வாசிக்கும்போது எனக்கு ஒரு சங்கடமும் வந்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் நேர்மை இல்லை. சில கடிதங்களில் கணக்கு இருந்தது: இந்த எழுத்துக்கு இந்த இடத்தில் இரண்டு எண் வரும், அதனால் இந்தச் சிக்கல் வரும் என்று. சிலவற்றில் கோபம் மட்டும் இருந்தது. ஜ, ஷ, ஸ, ஹ எல்லாமே தமிழுக்கு வந்த நோய் என்கிற மாதிரி. என் பெயரில் ஒரு ஹ இருக்கிறது. என் மகளின் பெயரில் ஸ இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அந்த எழுத்துகளைத் தமிழாக நினைத்துத்தான் எழுதப் பழகினார்கள். அரபுப் பெயரைத் தமிழில் எழுத எங்கள் முன்னோர் காலம் காலமாகப் பயன்படுத்திய எழுத்துகள் அவை. ஒருவருக்குத் தேவையில்லாத எழுத்து இன்னொருவரின் பெயரில் இருக்கும். 2998ஆம் எண்ணில் உட்கார்ந்திருக்கிற அந்த ஶ-வும் யாரோ ஒருவருக்குத் தேவையான எழுத்துத்தான், அவர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அது வரும்போது, "சரி, ஆனால் பழைய ஸ்ரீக்கு என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு மென்பொருட்களைக் கட்டிப்போடுகிற ஒரு விடை கிடைத்திருந்தால் போதும். அவ்வளவுதான் என் மனக்குறை.

கணக்கோடு பேசினால் பலன் உண்டு என்பதற்கு இன்னொரு சாட்சி. 2010இல் பலர் திட்டிய அதே ஸ்ரீரமண சர்மா, பழைய தமிழ்க் கணக்குக் குறிகளுக்கும் முன்மொழிவு எழுதினார். முந்திரி, காணி, மா போன்ற பின்னங்கள், குறுணி, பதக்கு போன்ற அளவைகள், பணம், பொன், வராகன், வேலி, குழி, உப்பளத்துக்குக்கூட ஒரு குறி. இந்தத் தடவை தமிழறிஞர்கள் வாசித்து, சரிபார்த்து, திருத்தம் சொன்னார்கள். பல வருடம் இழுபட்டது. 2019 மார்ச்சில் யூனிகோட் 12.0இல் 51 குறிகள் ஏறின. பேரன் பேத்திகள் பழைய ஓலையை எழுத்தாக்கிக் கணினியில் தேடலாம். நம் பக்கத்துக் காணி உறுதிகளில் பரப்பும் குழியும் வரும். அந்தப் பட்டியலில் குழி இருக்கிறது. பரப்பு இல்லை. பரப்புக்கு அப்படி ஒரு குறி நம் பழைய உறுதிகளில் உண்டா? உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டன் காலத்து உறுதி இருந்தால் பாருங்கள். இருந்தால் அதைச் சொல்லவேண்டியவர்கள் நாம்தான். தஞ்சாவூரில் இருப்பவருக்கு நம் பரப்பு எப்படித் தெரியும்?

இதுதான் எனக்கு வந்த கவலை. கதவு திறந்திருக்கிறது. ஆனால் கதவு திறந்திருப்பது தெரிந்தவர்கள்தான் உள்ளே போகிறார்கள். கருத்துக் கேட்டு யாரும் பதில் சொல்லாவிட்டால், மறுப்பு இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த விடயத்துக்குப் போவார்கள். எந்தக் கூட்டத்திலும் அப்படித்தான், நம் பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் அப்படித்தான். போகாத கூட்டத்தின் தீர்மானம் நம்மையும் கட்டும்.

இலங்கையில் இருந்து யாரும் போனதில்லை என்றும் இல்லை. 1997இல் கிரேக்கத்தின் கிரீட் தீவில் ஐ.எஸ்.ஓ. எழுத்துக் குழு கூடியபோது சிங்கள எழுத்து பற்றிப் பேச இலங்கைக் குழு நேரே போயிருந்தது. வெளிநாட்டவர் தயாரித்த வரைவு அங்கே இலங்கையரின் திருத்தங்களோடு ஏற்கப்பட்டது. 1999இல் யூனிகோட் 3.0இல் சிங்களம் வந்தது. தமிழ் அதற்கு முன்பே, 1991இன் முதற் பதிப்பிலேயே வந்துவிட்டது. இந்திய அரசு 1988இல் தன் மொழிகள் எல்லாவற்றுக்கும் வகுத்த பொது வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்த நேரம் நம் தீவுகளில் யாருக்கு எழுத்து எண் பற்றி யோசிக்க மனம் இருந்தது? இந்த ஊரவர்களும் ஓடிக்கொண்டிருந்தார்கள், நாங்களும் ஓடிக்கொண்டிருந்தோம்.

அந்த வரிசையின் விளைவை எந்த வகுப்பாசிரியரும் பார்க்கலாம். நெடுங்கணக்கில் "ன" கடைசி மெய். எண் வரிசையில் அது "ந"வுக்குப் பக்கத்தில், "ப"வுக்கு முன்னால் இருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் மென்பொருளில் கனகா முதலும் கமலா பிறகும் வருவார்கள். நாம் படிப்பித்த அகரவரிசையில் கமலாதான் முதல். அப்துல் என்ற பிள்ளை அபிராமிக்கு முன்னால் வரவேண்டும், ஏனென்றால் புள்ளி வைத்த எழுத்து முதலில். கணினியோ அபிராமியை முதலில் போடும். இதற்கும் எண்ணை மாற்றவில்லை. சரியான தமிழ் அகரவரிசையைத் தனியான ஒரு விதியாக எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். மென்பொருள் அந்த விதியைப் பயன்படுத்தினால் கமலாவுக்கு அவள் இடம் கிடைக்கும். தாமதமாக வந்த மறுப்புக்குக்கூட இப்படி ஒரு பக்கவழி சில நேரம் கிடைக்கும் என்பது எனக்கு ஆறுதல்.

இனி உதவி.

எண்கள் மாறாது. ஆனால் யூனிகோட் அமைப்பே நடத்துகிற இன்னொரு பட்டியல் உண்டு, அது மாறக்கூடியது. மாதங்களின் பெயர், கிழமைகளின் பெயர், நாடுகளின் பெயர், பணத்தை எழுதும் முறை என்று ஒவ்வொரு மொழிக்கும் ஒரு தரவுத் தொகுப்பு. நம் போன்கள் அதிலிருந்துதான் எடுக்கின்றன. என் போனில் தமிழ் நாட்காட்டியைத் திறந்தால் "ஆகஸ்ட்" என்று வருகிறது. நம் பாடநூலில் "ஓகஸ்ட்". அங்கே "அக்டோபர்", இங்கே "ஒக்டோபர்". சின்ன விடயம்தான். ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என்னிடம் கேட்டது: "சேர், போன் பிழையா, புத்தகம் பிழையா?" இரண்டும் சரி, போன் இந்தியத் தமிழ் பேசுகிறது என்றேன். "அப்ப எங்கட தமிழ் எந்தப் போனில இருக்கும்?" என்றது. எனக்குப் பதில் வரவில்லை.

அந்தத் தொகுப்பில் இலங்கைத் தமிழுக்கென்று தனி இடம் ஏற்கனவே உண்டு. நாம் அதை நிரப்பவில்லை. குறித்த காலங்களில் திருத்தம் சொல்லத் திறந்துவிடுவார்கள். வெளியாள் ஒருவரின் வாக்குக்கு நிறுவனங்களின் வாக்கைவிடப் பலம் குறைவு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆதாரத்தோடு எழுதினால் பார்ப்பார்கள். "எங்கள் ஊரில் இப்படித்தான்" என்பது ஆதாரம் ஆகாது. பாடநூல், பத்திரிகை, வர்த்தமானி, இவைதான் ஆதாரம்.

உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரோடு ஒரு பட்டியல் தொடங்கியிருக்கிறேன். ஒரு பக்கம் போனில் வருகிற சொல், மறுபக்கம் நம் சொல், அதற்கு நேரே எங்கே அச்சாகியிருக்கிறது என்ற விபரம். இதுவரை 40 சொல் சேர்ந்திருக்கிறது. நீங்கள் செய்யவேண்டியது இவ்வளவுதான். போனை ஒரு நாள் தமிழில் போட்டுப் பாருங்கள். நம் வாயில் வராத சொல் கண்டால் படம் எடுத்து அனுப்புங்கள். பழைய பத்திரிகை, பழைய பாடநூல் வீட்டில் இருந்தால் தாருங்கள், பத்திரமாகத் திருப்பித் தருவேன். பழைய உறுதிகளில் விளங்காத குறி இருந்தால், பெயரையும் இலக்கத்தையும் மறைத்து அந்தக் குறியை மட்டும் படம் எடுங்கள். ஸ, ஹ, ஷ உள்ள பெயர்களால் எங்காவது சிக்கல் வந்திருந்தால் அதையும் எழுதுங்கள். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு உறவுகளும் சேரலாம்.

கோபமாக எழுதவேண்டாம். என்ன நடந்தது, எந்த எழுத்து, எங்கே, யாருக்கு என்ன இழப்பு. இந்த நான்கும் இருந்தால் போதும். மறுப்புக் கடிதம் எழுதுவது எப்படி என்று நான் இந்த வயதில்தான் படித்தேன், பிள்ளைகளோடு சேர்ந்து.

பிள்ளையின் உதவித்தொகை என்ன ஆனது என்று கேட்பீர்கள். பட்டியலின் மூன்றாம் பக்கத்தைத் தாளில் எடுத்து, பெயருக்குக் கீழே பேனையால் கோடு போட்டுத் தாயிடம் கொடுத்தேன். அடுத்த நாள் அதே பஸ்ஸில் போனார். அந்தத் தம்பி தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், திரும்பவும் தாளைப் பார்த்தார். பிறகு மன்னிப்புக் கேட்டு, கதிரை போட்டு இருத்தி, வேலையை முடித்துக் கொடுத்தாராம்.

அன்று பின்னேரம் அந்தத் தம்பியே என்னோடு பேசினார். "சேர், இப்படி வேற பிள்ளையளும் திரும்பிப் போயிருக்குங்களோ?" என்றார். இருவரும் சேர்ந்து பார்த்தோம். அந்தப் பட்டியலில் ஸ்ரீ உள்ள பெயர்கள் மொத்தம் ஒன்பது. அதில் நான்கு பெயரை அவர் அடித்துத் தேடினால் கிடைக்காது. நான்கு வீட்டுக்கும் அவரே போன் எடுத்துச் சொன்னார்.